பெருக்கமரமும் தப்போவைக் கல்லும்

மன்னார்ப் பட்டினத்தை அடுத்த பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. பத்துப் பேர் கைகோத்துச் சுற்றி நின்றாலும் அதன் அடிமரத்தை அணைத்துவிட முடியாது; சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். தமிழகத்தார் இம்மரத்தை ஆனைப்புளி என்பர். அடியைப் பார்த்தவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்க மாட்டார்கள். சுற்றுலா வரும் மாணவர்களை இம்மரத்தடியில் நிறுத்தி ஆசிரியர்கள் விளக்கம் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது, அதன் இனத்து மரங்கள் மடகாஸ்கரிலும் அவுஸ்திரேலியாவிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு. ஆகவே இந்நிலங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பின்னர் பிரிந்தன என்பதற்கு இம்மரமே சாட்சி என்று அவர்கள் முடிப்பார்கள். பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள்.

கேட்க இனிமையான விளக்கந்தான். ஆயின் அது பிழை. மன்னார்த் தீவில் நிற்பது ஆபிரிக்கப் பெருநிலத்தின் இனம். அதனைக் கொண்டுவந்தவர்கள் முத்துக்கும் குதிரைக்குமாக இக்கரையை நாடிவந்த அராபிய வணிகர்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஒட்டகங்களுக்குத் தீனியாக நட்டார்கள் என்று ஊரிலே சொல்வதும் உண்டு. அவுஸ்திரேலியாவில் உள்ள இனங்கூட, கண்டங்கள் பிரிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னர், கடல் கடந்து போய்ச் சேர்ந்ததே என்பது மரபணு ஆராய்ச்சியால் தெளிவாகியிருக்கிறது. நிலம் பிரிந்த கதையைப் பெருக்கமரம் சொல்லவில்லை. மனிதர் கடல் கடந்து வந்த கதையையே அது சொல்கிறது, அதுவும் சரித்திரந்தான்.

மன்னாரில் கண்ணை மயக்கும் காட்சி இன்னொன்றும் உண்டு. தலைமன்னார் முனையில் நின்று மேற்கே நோக்கினால், மணல் திட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனுஷ்கோடியை நோக்கிச் செல்கின்றன. இராமர் அணை என்பார் சிலர். ஆதாம் பாலம் என்பார் சிலர். இரண்டு தேசங்களும் பிரிந்த தழும்பு இதுவே என்று படித்தவர்களும் எண்ணுகின்றனர். அதுவும் அப்படியன்று. இத்திட்டுக்கள் ஆழமற்ற சுண்ணக்கல் மேட்டின்மேல் அலையும் நீரோட்டமும் குவித்த மணல். நிலத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தவை. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழமும் இல்லாத கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இங்கே கடலே இல்லை. யானையும் மானும் மனிதனும் கால் நனையாமல் நடந்து வந்தார்கள். பனி உருகியது, கடல் ஏறியது, இலங்கை தீவாயிற்று. இதில் கண்டம் எதுவும் நகரவில்லை.

அவ்வாறாயின், கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கு மன்னார்க் கரையில் ஆதாரமே இல்லையா? உண்டு. ஆனால் அது சுற்றுலாக்காரர் நிற்காத இடங்களில் இருக்கிறது.

அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று தெற்கே கரையோரமாகச் சென்றால் குதிரைமலை முனை வரும். அங்கே கடலுக்கு எதிரே செம்மண் குன்று. அதன் அடியில் இருப்பது யாழ்ப்பாணத்திலிருந்து இக்கரை நெடுகிலும் தொடர்ந்து வரும் சுண்ணக்கல். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது; சிப்பியும் பவளமும் அதிற் புதைந்து கிடக்கின்றன. நமது கதைக்கு இதுவும் இளமையானதே. வில்பத்துக் காட்டைத் தாண்டிப் புத்தளத்துக்கு வந்து, அநுராதபுரம் போகும் வீதியில் சில மைல் சென்றால், தப்போவைக் குளம் இருக்கிறது. குளத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் மணற்கல்லும், களிமண் இறுகித் தகடு தகடாய் உடையும் கல்லும் காணப்படுகின்றன. சுற்றிலும் மிகத் தொன்மையான பழம்பாறை. நடுவே, நிலம் பிளந்து தாழ்ந்த ஒரு பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டு, மற்றெங்கும் அரிந்துபோக இங்கு மட்டும் பிழைத்த சிறு துண்டு இது.

இக்கல்லில் செடிகளின் சுவடுகள் உண்டு என்பதை வெளியுலகுக்கு அறிவித்தவர் இலங்கையில் கனிப்பொருள் ஆய்வாளராயிருந்த வெய்லண்ட். அவர் சேகரித்தவற்றைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் தாவரவியற் பேராசிரியர் சீவார்ட் என்பவரும், பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவரான ஹொல்ட்டம் என்பவரும் ஆராய்ந்து 1922-ம் ஆண்டில் வெளியிட்டனர். பன்னங்கள், ஊசியிலை மரங்களின் உறவினங்கள். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், யுராசிக் காலத்தில் வளர்ந்தவை. பீகார்ப் பக்கத்து ராஜ்மகால் குன்றுகளிலும், சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரிலும், திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும், சிவகங்கையிலும் இக்காலத்தை ஒட்டிய நெருங்கிய உறவுடைய தாவரத் தொகுதிகள் கல்லாகக் கிடக்கின்றன.

சீவார்ட் யார் என்பதை வாசகர் சற்றே நினைவிற் கொள்ள வேண்டும். 1912-ம் ஆண்டு ஜனவரியில் தென்துருவத்தை அடைந்து, திரும்பும் வழியிற் பனியில் மாண்ட காப்டன் ஸ்கொட் குழுவினரின் கூடாரத்தருகே, அவர்கள் கடைசிவரை எறிந்துவிடாமல் இழுத்து வந்த ஏறக்குறைய 16 கிலோ கற்கள் இருந்தன. உண்ண உணவில்லை, நடக்கக் காலில்லை. ஆயினும் கற்களை விட்டுவிடவில்லை. அக்கற்களை ஆராய்ந்து, அவற்றிலே குளொசொப்தெரிஸ் என்னும் இலையின் சுவடு உண்டு என்று 1914-ல் எழுதியவரும் இதே சீவார்ட்தான். நாக்கின் வடிவான அந்த இலை இந்தியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் மலிந்து கிடப்பது. 1828-லேயே பெயர் பெற்றது. பனி மூடிய அந்தாட்டிக்காவில் காடு இருந்தது. அந்தக் காடும் தாமோதர் ஆற்றங்கரைக் காடும் ஒன்று. காலம் வேறாயினும், துருவத்தின் கல்லும் தப்போவையின் கல்லும் ஒருவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தது நமக்கு வியப்பூட்டுகிறது.

இனி ஒரு நியாயமான கேள்வி எழும். ஒரேவகைச் செடி இரு கரையிலும் இருந்தால், நிலம் நகர்ந்தது என்று எப்படிச் சொல்வது? இரு கரைக்கும் இடையே இருந்த நிலம் கடலுள் ஆழ்ந்திருக்கலாமே? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர்கள் அவ்வாறே எண்ணினார்கள். 1864-ல் ஆங்கில விலங்கியல் அறிஞர் ஸ்கிளேற்றர், மடகாஸ்கரின் லெமூர் என்னும் பிராணிக்கும் நம் நாட்டுத் தேவாங்குக்கும் உள்ள உறவைக் கண்டு, இந்து சமுத்திரத்தில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் பெயரால் பாறைத் தொகுதி ஒன்றுக்கு இந்தியப் புவிச்சரிதவியலார் கோண்டுவானா என்று பெயரிட்டிருந்தனர். அந்தப் பெயரை வியன்னாவின் சூயெஸ் 1885-ல் எடுத்து, தென்பாதி நிலங்கள் பலவற்றை இணைத்த பழம் பெருநிலத்துக்குச் சூட்டினார். அவரும் இடைநிலம் தாழ்ந்தது என்றே கருதினார். உழைத்து வாழும் ஒரு பழங்குடியின் பெயர் உலகத்தின் பழைய கண்டத்துக்கு வாய்த்தது. அக்குடியின் காடுகளோ அதே நிலக்கரிக்காகப் பறிபோயின.

மூழ்கியது என்ற கருத்துக்கு எதிரான முதல் அடி நம் பக்கத்திலேயே விழுந்தது. இந்தியாவை அளந்த உத்தியோகத்தர், தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுக்கும் அளவு கணக்கிற் கண்டதைவிட மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். கல்கத்தாவின் பாதிரியார் பிராட் 1855-ல் இக்கணக்கை வெளியிட்டார்; இங்கிலாந்தின் வானநூலார் ஏரி அதற்கு விளக்கம் கூறினார். மலைக்குக் கீழே இலேசான பாறை ஆழமாக வேரோடியிருக்கிறது. கண்டங்கள் கனத்த அடிப்பொருளின்மேல் மிதக்கின்றன என்பது அதன் சாரம். கட்டுமரம் பாரம் ஏற்றினால் தாழும், இறக்கினால் எழும். தானாக அடியில் போய்க் கிடக்காது. கண்டமும் அத்தகையதே.

இவ்வுண்மையை இறுகப் பற்றிக்கொண்டவர் ஜேர்மனியின் அல்பிரெட் வெகெனர். வானிலை ஆராய்ச்சியாளர், புவிச்சரிதவியலாருக்கு அந்நியர். ஸ்கொட் துருவத்தை அடைவதற்குப் பதினொரு நாள் முன்பு, 1912 ஜனவரி 6-ல், பிராங்க்பேர்ட் நகரில் நின்று, கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்று சொன்னார். 1915-ல் புத்தகம் எழுதினார். தென்ஆபிரிக்கா, இந்தியா, அவுஸ்திரேலியா, தென்அமெரிக்கா எங்கும் காணப்படும் பழம்பனியின் கீறல்களை அவர் எடுத்துக்காட்டினார். ஒரிசாவின் தால்ச்சேரில் வெயில் சுடும் நிலத்தில், பனியாறு உருட்டிய பாறைகளை பிளான்போர்ட் சகோதரர்கள் 1856-லேயே கண்டிருந்தனர். இந்தியாவை இன்றுள்ள இடத்திலேயே வைத்தால் அப்பனிக்கு விளக்கமில்லை. தென்துருவத்துக்கு அருகே கொண்டுபோய் ஏனைய நிலங்களோடு சேர்த்து வைத்தால், சிதறிக் கிடக்கும் கீறல்கள் ஒரே பனிக்கவசத்தின் கீறல்களாகி விடுகின்றன.

வெகெனரை உலகம் ஏற்கவில்லை. 1926-ல் நியூ யோர்க்கில் அமெரிக்க எண்ணெய்ப் புவிச்சரிதவியலார் கூடி, அக்கொள்கையை ஏளனத்தோடு ஒதுக்கினர். 1930-ல் கிரீன்லாந்தின் பனியில் வெகெனர் இறந்தார். கண்டங்களைத் தள்ளிய விசை யாது என்பதற்கு அவரிடம் சரியான விடை இருக்கவில்லை என்பதும் மெய்யே. நண்பர்கள் சிலர், மேலைநாட்டு முதலாளித்துவ விஞ்ஞானமே இதனை மறைத்தது என்று எழுதுவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சோவியத் நாட்டின் புவிச்சரிதவியலாருள் முதன்மையானவரான பெலூசவ், மற்றெல்லோரும் ஏற்ற பிறகும் பல்லாண்டு இக்கொள்கையை எதிர்த்து நின்றார். பிடிவாதத்துக்கு முகாம் வேறுபாடு கிடையாது.

இதற்கிடையில் பாறைகள் தம் சாட்சியத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்தன. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வகத்தின் முதல் தலைவர் நம் ஆனந்த குமாரசுவாமி. கலையின் அறிஞராக மட்டும் நாம் போற்றும் அவர், முதலில் புவிச்சரிதவியலார். 1900-ல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி எழுதியவர். 1904-ல் தோரியனைற்று என்னும் கனியைக் கண்டறிந்தவர். அவர் நடந்து ஆராய்ந்த மலைநாட்டின் பாறைகள், மதுரையையும் கேரளத்தையும், மடகாஸ்கரையும், கிழக்கு அந்தாட்டிக்காவையும் சேர்ந்த பாறைகளுக்கு உடன்பிறப்புக்கள். 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கண்டங்கள் மோதியபோது, ஒரே வெப்பத்தில் ஒரே அழுத்தத்தில் வெந்தவை. பல்லாவரத்துக் குன்றுகளின் கருங்கல்லுக்கு, கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் கும்பினியார் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்துச் சார்னொக்கைற்று என்று பெயரிட்டார்கள். அதே கல் கண்டியிலும் உண்டு, அந்தாட்டிக்காவிலும் உண்டு. புத்தகம் வேண்டாதவர்களுக்கு வியாபாரம் சாட்சி: 1998-ல் மடகாஸ்கரின் இலாகாகா என்னுமிடத்தில் நீலக்கற்கள் வெளிப்பட்டபோது, அவற்றை வாங்க விரைந்தவர்களில் இலங்கை இரத்தினக்கல் வியாபாரிகள் முன்னணியில் இருந்தனர். இரத்தினபுரியில் பழகிய கண்ணுக்கு அக்கல் அந்நியமாக இருக்கவில்லை.

தீர்ப்பைத் தந்தவை காந்தமும் கடலடியும். எரிமலைக் குழம்பு இறுகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அக்காலக் காந்தப் புலத்தின் திசையில் நின்றுவிடும். அதன் சாய்வைக் கொண்டு பாறை பிறந்த அகலாங்கைக் கணக்கிடலாம். பிரித்தானியப் பௌதிக அறிஞர் பிளக்கெற் இதற்கென நுண்ணிய கருவி அமைத்தார். 1948-ல் நோபெல் பரிசு பெற்றவர். அதே ஆண்டில் அணுகுண்டு அரசியலை எதிர்த்து நூல் எழுதி ஆளுங்கூட்டத்தாரின் பகையைத் தேடிக்கொண்ட சோஷலிஸ்டு. அவர் குழுவினர் தக்காணத்து எரிமலைப் பாறையை அளந்து 1956-ல் வெளியிட்டனர். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், அக்குழம்பு இறுகியபோது, இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே, 30 பாகை அளவில் இருந்தது.

பின்னர் வந்தது சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சி. சோவியத் நாட்டின் வீத்தியாஸ் கப்பல் முதல் பல நாடுகளின் கப்பல்கள் அதிற் பங்குகொண்டன. 1962-ல் பிரித்தானியக் கப்பல் ஓவன், அரபிக் கடலுக்குத் தெற்கேயுள்ள கார்ல்ஸ்பேர்க் கடலடி மலைத்தொடரை அளந்தது. பியர் வடித்துப் பணம் சேர்த்த டென்மார்க் நிறுவனமொன்றின் அறநிதியால் அத்தொடர் பெயர் பெற்றது. மத்தியூஸ் என்பவர் கொண்டுவந்த அளவைகளைக் கொண்டு, அவருடைய மாணவர் வைனும் அவரும் 1963-ல் எழுதிய கட்டுரை உலகப் படத்தையே மாற்றிற்று. மலைத்தொடரின் இருமருங்கும் காந்தத் திசை மாறிமாறி, பட்டை பட்டையாக, ஒன்றுக்கொன்று ஒத்திருந்தது. நடுவே குழம்பு எழுகிறது, இறுகுகிறது, இருபுறமும் விலகுகிறது, கடலடி விரிகிறது. இதே கருத்தை அதே ஆண்டில் தனியே எழுதிய கனடா நாட்டு மோர்லி என்பவரின் கட்டுரையை இரண்டு சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன.

லெமூரியா மூழ்கிக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அதே கடலில்தான், கண்டம் எதுவும் மூழ்கவில்லை என்பதற்கான முதற் சாட்சி கிடைத்தது. அங்கே அடியில் கிடப்பது இளம் எரிமலைப் பாறை. 20 கோடி ஆண்டைத் தாண்டிய கடலடி எப்பெருங்கடலிலும் இல்லை.

விஞ்ஞானம் கைவிட்ட லெமூரியாவை நம்மவர் கைவிடவில்லை. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. அந்நினைவை நாம் பொய் என்று தள்ளவில்லை. பனியுகத்தின் பின் ஏறிய கடல் இக்கரைகளில் எவ்வளவோ நிலத்தை விழுங்கியிருக்கிறது. ஆனால் கரை மூழ்குவது வேறு, கண்டம் மூழ்குவது வேறு. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் மனித இனத்தின் வயதோ மூன்று இலட்சம் ஆண்டு. அந்நிலத்தில் சங்கமும் இல்லை, புலவரும் இல்லை. 2013-ல் மொரீசியஸ் தீவின் கடற்கரை மணலில் மிகப் பழைய சேர்க்கோன் மணிகள் அகப்பட்டன. பிரிவின்போது நடுவில் உடைந்து நின்ற ஒரு கண்டத் துண்டு எரிமலைக் குழம்பின் கீழ் கிடக்கிறது என்று ஆராய்ச்சியாளர் எழுதினர். உடனே குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் ஆர்ப்பரித்தன. கிடைத்தது ஒரு துண்டு. அதுவும் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டு முந்தியது.

சிங்களத் தரப்பிலும் இதே நோய் உண்டு. விஜயனும் தோழரும் இறங்கிய நிலத்தின் செம்மண் பட்டுக் கைகள் சிவந்தன, அதனால் அந்நாடு தம்பபண்ணி ஆயிற்று என்று மகாவம்சம் கூறும். அது இந்தக் குதிரைமலைச் செம்மண்ணே என்று பலர் வாதாடுகிறார்கள். குன்றின் மண்ணைக் கொண்டு நாட்டின் உரிமைப் பத்திரம் எழுதப்படுகிறது.

முதலில் வந்தவன் யார் என்ற கேள்வியில் நமக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அதனை உரிமைக்கு அளவுகோலாக வைப்பதே நம்மைக் கலங்கவைக்கிறது. அந்த அளவுகோலை வைத்தால் கடைசியில் வந்த உழைப்பாளிக்கு என்ன மிஞ்சும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரத்தாரும் புதுக்கோட்டையாரும் இந்த மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் ஆயிரக்கணக்கில் வழியிலேயே விழுந்தார்கள். பிழைத்தவர்கள் கோப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். 1948-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் பேரப்பிள்ளைகளை, ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரை, நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டைகளோடு அவர்கள் கப்பலேறினார்கள். 1990 ஒக்ரோபரில், தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, எழுபதினாயிரம் அளவில், வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியின் வீடுகள் வெறிச்சோடின. அராபியர் நட்ட மரம் நின்ற தீவிலேயே அவர்களுடைய உறவு பேசும் மக்கள் அந்நியராக்கப்பட்டார்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டித்து மற்றதை மறைப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

இந்தியாவும் இலங்கையும் பிரிந்த தழும்பு எங்கே என்று வாசகர் கேட்கலாம். மணல் திட்டுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் அடியில். கோண்டுவானா உடைந்தபோது இவ்விரு நிலங்களுக்கும் இடையிலும் பூமி இழுபட்டுப் பிளந்தது, பள்ளம் தாழ்ந்தது, தப்போவைப் பள்ளம் அதே இழுபாட்டின் ஒரு சிறு கீறல். ஆனால் பிளவு முற்றுப்பெறவில்லை. அந்தாட்டிக்காவும் மடகாஸ்கரும் போய்விட்டன; இலங்கை நின்றுவிட்டது. பாதியில் நின்ற பள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்த மண் பல கிலோமீற்றர் கனத்துக்கு நிரம்பியிருக்கிறது.

அந்த மண்ணில் எண்ணெய் இருக்கலாம் என்று 1970-களின் நடுப்பகுதியில் மன்னார்த் தீவின் பேசாலையில், சோவியத் உதவியோடு துளையிட்டார்கள். இலாபம் தரும் எண்ணெய் கிடைக்கவில்லை. 2011-ல் கெயான் நிறுவனம் வளைகுடாவின் ஆழ்கடலில் துளையிட்டு, இரண்டு இடங்களில் இயற்கை வாயுவைக் கண்டது. ஒரு கிணற்றில், கண்டம் இழுபட்ட காலத்தின் தொடர்ச்சியாக எழுந்த எரிமலைப் பாறையும் வந்தது. 1926-ல் எண்ணெய்த் தொழிலின் அறிஞர்கள் நகைத்த கொள்கையே அவர்களுக்கு இன்று கிணறு தோண்ட வழிகாட்டுகிறது. உலகச் சந்தையில் விலை விழுந்ததும், 2015-ல் கெயான் வெளியேறியது. அந்த வாயு ஒருநாள் மேலே வருமானால், அதன் பங்கு பேசாலை மீனவனுக்கு எவ்வளவு என்பது பற்றி எந்த அரசும் இதுவரை வாய் திறக்கவில்லை.

பிளவு நின்றுபோனதால் இரண்டு நாடுகளும் இன்று ஒரே தகட்டின்மேல் இருக்கின்றன. அத்தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வீதம் வடகிழக்காகச் செல்கிறது. 1964 டிசெம்பர்ப் புயல் அழித்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயமும், இக்கரையில் தலைமன்னாரின் பழைய இறங்குதுறையும், ஒரே திசையில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன.